மூன்றாவது விசிறி

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் புதிதாகப் பொருத்திய விசிறிகளில் மூன்றாவதை எட்டு நிமிடம் ஓடச் சொன்னால், எட்டாவது ஓடியது. விசிறிகளை இயக்கும் பெட்டிக்கு ஹரிஷங்கர் சி மொழியில் நிரல் எழுதியிருந்தான். சோதித்தவள் உமைரா. அவளுடைய மடிக்கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறியதற்கு அடையாளமாகப் பச்சையாக இருந்தன.

மின்பணியாளர் யூசுப் பெட்டியை மூடினார். "வயரு செரியாத்தான் இருக்கு மோளே. ரெண்டு வட்டம் நோக்கியாச்சு."

"அப்ப ஏன் இக்கா எட்டாவது ஓடுது?"

"அது நீயில்லே சொல்லணும்."

உமைரா மிளகு மூட்டையொன்றின் மேல் உட்கார்ந்து சோதனையை மறுபடி ஓட்டினாள். பச்சை. பொத்தானை அழுத்தினாள். எட்டாவது விசிறி சுற்றியது, சற்று நேரத்தில் நின்றும் போனது. எட்டு நிமிடம்கூட ஓடவில்லையே என்று இன்னும் குழம்பினாள்.

சோதனையில் நிஜ விசிறி கிடையாது. அதை இயக்கும் நிரல்பகுதியான செயற்கூற்றின் இடத்தில் அதே பெயரில் ஒரு போலி இருந்தது. 'மாக்' என்பார்கள். எந்த விசிறி, எத்தனை நிமிடம் என்று இரண்டு எண்கள் அதற்கு வரும். அவள் அதைத் திறந்து படித்தாள். வந்த எண்களை அது பார்க்கவே இல்லை. எது வந்தாலும் 'சரி' என்று பதில் சொன்னது.

முதல் எண் மூன்றா, இரண்டாவது எட்டா என்று பார்க்கும் வரிகளை அதில் சேர்த்து ஓட்டினாள். சிவப்பு. மூன்று வரவேண்டிய இடத்தில் எட்டு வந்திருந்தது.

ஹரிஷங்கரைப் போனில் கூப்பிட்டாள். "ஹரி, நீ நிமிஷத்த முதல்ல அனுப்புறியா?"

"இல்லியே. மாத்தி அனுப்பினா கம்பைல் ஆகும்போதே தப்புன்னு கம்பைலர் திட்டியிருக்குமே."

"ரெண்டும் வெறும் நம்பர்தானே. அதுக்கு எப்படித் தெரியும்?"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா, மாறித்தான் கெடக்கு" என்றான்.

அவன் திருத்தி அனுப்பியதைப் பெட்டியில் ஏற்றியதும் மூன்றாவது விசிறி சுற்றியது. யூசுப் கருவிகளை எடுத்துக்கொண்டு சாயா குடிக்கப் போனார்.

உமைரா போகவில்லை. சூடேற்றிக்கு ஒரு மாக், ஈரமானிக்கு ஒன்று, அபாயமணிக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாமே வந்ததைப் பார்க்காமல் 'சரி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. சூடேற்றி இதுவரை ஒழுங்காகவே ஓடியிருக்கிறது. அது ஏன் ஒழுங்காக ஓடுகிறது என்று இப்போது அவளுக்குப் புரியவில்லை.

அதன் மாக்கிலும் சரிபார்க்கும் வரிகளைச் சேர்த்து ஓட்டினாள். பச்சை வந்தது. நம்பலாமா என்று தெரியாமல், சிவப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டுமென்றே ஒரு தவறான எண்ணைக் கொடுத்து மறுபடி ஓட்டினாள்.