விரத நாளில் ஒரே ஒரு புகை

இங்கிலாந்தில் ராஜாவும் பாராளுமன்றமும் சண்டை போட்ட காலத்தில், எங்கள் ஹார்ல்பரி கோட்டை பாராளுமன்றத்தின் பக்கம் இருந்தது. அதனால் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை எங்களுக்கு விரதம். ஒரு வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. ஊரே தேவாலயத்தில் உட்கார்ந்து தன் பாவங்களைப் பற்றிப் பிரசங்கம் கேட்க வேண்டும். பாவம் செய்ய வசதியில்லாத ஊர், ஆனாலும் கேட்டோம்.

கோட்டையைப் பிடிக்க இதைவிட நல்ல நாள் வராது என்று முடிவு செய்தவர் என் அக்காள் புருஷன் ஆம்ப்ரோஸ். அவர் ரகசியமாக ராஜாவின் ஆள். அவர் பேச்சைக் கேட்டு நானும். தேவாலயத்தில் சங்கீதம் பாடத் தொடங்கியதும் அவர் கோடரியோடு வடக்கு வாசலுக்கு வருவார். காவலுக்கு நிற்கும் நான் வழி விடுவேன். தூக்குப்பாலத்தின் கயிறு அறுந்தால் பாலம் விழும், தோப்பில் ஒளிந்திருக்கும் ராஜாவின் குதிரைப்படை அதன் கர்னலோடு உள்ளே வரும். அறாவிட்டால் எங்கள் கழுத்துக்கு வேறு கயிறு வரும்.

அன்று காற்றே இல்லை. மதில்மேல் காகங்கள்கூட வாய் திறக்கவில்லை. காவல் தலைவர் ஒபதியா கூரைகளைப் பார்த்தார்.

"தம்பி, அது என்னது?"

ஊர் முழுக்க அணைந்த புகைபோக்கிகள். ஒன்றிலிருந்து மட்டும் நீலப்புகை நேராக எழுந்தது. அக்கா வீடு.

"மேகமா இருக்கும், ஐயா."

"உங்க அக்கா வீட்லேர்ந்தா மேகம் கெளம்புது? வா, அபராதம் போட்டுட்டு வருவோம்."

அக்கா வீட்டு வாசலில் அவர் பூட்ஸ் சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே ஓடினேன். அக்கா டாமரிஸ் அடுப்படியில் வியர்த்து நின்றாள்.

"இன்னைக்கா சமைப்ப, அக்கா?"

"கர்னல் மொத தடவையா வீட்டுக்கு வர்றாருடா. காஞ்ச ரொட்டியக் குடுத்தா நம்மள என்ன நெனப்பாரு?"

ஒபதியா உள்ளே வந்தார். மூக்கைச் சுருக்கினார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"மான்கறி அப்பம்."

எங்கள் பக்கத்து மான்களைப் படைவீரர்கள் எப்போதோ தின்று தீர்த்துவிட்டார்கள். மிச்ச மான்கள் ஆற்றுக்கு அக்கரையில், ராஜாவின் படை தங்கியிருந்த காட்டில்தான்.

"ஏம்மா, இந்த மான் நீந்தியா வந்துச்சு? கூட யாரு யாரு வந்திருக்காங்க?"

தேவாலயத்தில் சங்கீதம் தொடங்கியது.

ஒபதியா நாங்கள் விட்டுவந்த வடக்கு வாசலுக்கு ஓடினார். பின்னால் நானும். வாசல் காவலை அவர் இரட்டிப்பாக்கி முடிக்கவும், அங்கிக்குள் கோடரியோடு ஆம்ப்ரோஸ் வந்து சேரவும் சரியாக இருந்தது.

"வெறகு வெட்ட வந்தேங்க."

"விரதத்தன்னைக்கா? நல்ல குடும்பம்யா. உள்ள யாரு கூட்டாளி? இந்த மச்சினனா?"

ஆம்ப்ரோஸ் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"இவனா? தன் செருப்பு வாரையே கட்டத் தெரியாத பய. இவன நம்பி ஒரு கோழிக்கூண்டப் பிடிக்க முடியுமா?"

வீரர்கள் சிரித்தார்கள். ஒபதியா சிரிக்கவில்லை. தோப்பிலிருந்து குதிரைகள் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

அக்காவை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். சனிக்கிழமை அதே வாசலில் ஆம்ப்ரோஸைத் தூக்கிலிட்டார்கள். மெலிந்த மனிதர், எடை போதாமல் உயிர் சீக்கிரம் போகவில்லை. ஒபதியா என் தோளில் கை வைத்தார்.

"சொந்தக்காரங்க காலப் பிடிச்சு இழுக்கறது வழக்கம் தம்பி. புண்ணியம்."

இழுத்தேன். ஒபதியா ஆம்ப்ரோஸைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.