கல்லுக்குழிக்கு வந்த கரடி

நஞ்சுண்டன் இங்கிலாந்துக்குப் போனது நூல் மில்லுக்கு மிஷின் பார்க்க. ஐந்து மாதம் கழித்து, 1936 மாசியில் சூலூருக்குத் திரும்பி வந்தபோது அவர் பேசியதெல்லாம் மிருகக்காட்சி சாலைகளைப் பற்றி.

மில் கூட்டாளிகள் பார்க்க வந்திருந்தார்கள். மிஷின் எப்படி என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஹாம்பர்க்குன்னு ஒரு ஊருங்க. அங்க சிங்கத்துக்குக் கம்பியே கெடையாது. நடுவுல அகழி. இக்கட்ட நாம நிக்கறோம், அக்கட்ட அது நிக்குது. எது எவ்வளவு தூரம் தாண்டும்னு முதல்லயே பார்த்துட்டு அப்பறம் வெட்டியிருக்கறாங்க. பாரீசுல போன ரெண்டு வருசத்துக்குள்ள ஒரு பாறை மலையே கட்டிப்போட்டாங்க. லண்டன்ல கரடிகளுக்குன்னே தனிக் குன்னுங்க."

சொல்லிக்கொண்டே கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தார். கூட்டாளிகள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவருடைய மனைவி தெய்வாத்தாள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் ஏறுவதற்கு முன்பும் அவர் அமைதியான ஆள் இல்லைதான். ஒரே மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் பாதி சாப்பாட்டில் எழுந்து தோட்டத்துக்குப் போவார், தோட்டத்திலிருந்து மில்லுக்குப் போவார். ஆனால் இப்போது இருப்பது வேறு மாதிரி இருந்தது.

ஒரு நாள் காலையில் அவராகவே அவளிடம் சொன்னார். "ஹாம்பர்க்குல நம்மூருக் கரடி ஒண்ணு இருந்துது அம்மணி. கறுப்பா, நெஞ்சுல வெள்ளைக் கோடு போட்டு. நான் மட்டுந்தான் அந்த ஊருக்குப் போயிருந்தேன். ரெண்டு வாரமா யாருகிட்டயும் தமிழ் பேசல. அந்தக் கரடி பாறை மேல மல்லாக்கப் படுத்துத் தூங்கிட்டிருந்துது. காலை விரிச்சுப் போட்டு, அப்படி ஒரு தூக்கம். ஒரு மணி நேரம் நின்னு பார்த்தேன்."

"அதுக்கென்னங்க இப்ப?"

"நம்ம கல்லுக்குழியில ஒண்ணு கொண்டாந்து உடலாம்னு இருக்கறேன்."

தெய்வாத்தாள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்றால் அவர் இன்னும் வேகமாகச் செய்வார் என்பது அவளுக்குத் தெரியும்.

கல்லுக்குழி அவர்களுடைய தோட்டத்தின் வடகோடியில் இருந்தது. ரயில்வேக்குக் கல் உடைத்து எடுத்த பிறகு சும்மா கிடந்த பள்ளம். மூன்று பக்கமும் இருபது அடி உயரத்துக்கு வழுவழுப்பான பாறை. நாலாவது பக்கத்தில் நஞ்சுண்டன் கருங்கல் சுவர் எழுப்பி, இரும்புக் கதவு போட்டார். உள்ளே இரண்டு வேம்பு, பாறையை ஒட்டிக் கட்டிய ஒரு குகை, தண்ணீர்த் தொட்டி. சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் அவர் அங்கேயே நின்றார். கட்டிய குகையை இரண்டு முறை இடித்துத் திரும்பக் கட்டச் சொன்னார்.

ஆவணியில் கரடி வந்தது. கோயமுத்தூரில் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸ் கம்பெனி கலைந்துகொண்டிருந்தது. யானையையும் குதிரைகளையும் வாங்க ஆள் இருந்தது. மயிர் உதிர்ந்த பெண் கரடியை யாரும் கேட்கவில்லை. நஞ்சுண்டன் அதைக் கூண்டோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே ராமுலுவும் வந்தான். குட்டியாக வந்த நாளிலிருந்து ஒன்பது வருஷம் அதற்குச் சோறு வைத்தவன். நெல்லூர்ப் பக்கத்து ஆள், கழுத்து வரைக்கும் நரைத்த முடி. கரடிக்குக் கங்கம்மா என்று பெயர் வைத்திருந்தான். கரடியை விட்டுவிட்டு எங்கே போவது என்று அவனுக்கே தெரியாததால் லாரியில் ஏறிக்கொண்டதாகச் சொன்னான்.

கூண்டைக் குழியின் நடுவில் இறக்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள். சுற்று வட்டாரமே மேலே நின்று பார்த்தது. கங்கம்மா வெளியே வரவில்லை. கூண்டுக்குள் நாலு அடி வைத்தது, தலையை ஒரு சுழற்றுச் சுழற்றியது, திரும்பி நாலு அடி வைத்தது. மறுபடியும் அதே. பொழுது சாய்ந்து கூட்டம் கலையும் வரைக்கும் அதே.

ஐந்தாம் நாள், ராமுலு வெளியே வைத்த வெல்லக் களிக்காகத்தான் அது மண்ணில் கால் வைத்தது. நஞ்சுண்டன் மேலே நின்று கைதட்டினார். களியைத் தின்று முடித்த கங்கம்மா கூண்டின் பக்கவாட்டில் நின்றுகொண்டு நடக்க ஆரம்பித்தது. நாலு அடி, தலைச் சுழற்று, திரும்பி நாலு அடி.

"கூண்டு கண்ணுல படறதாலதான்" என்றார் நஞ்சுண்டன். "அதைத் தூக்கிப்போடுங்க."

மறுநாளே கூண்டைக் கொண்டுபோய்விட்டார்கள். குழியில் இப்போது கம்பி என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு ஏக்கர் வெட்டவெளியில், இல்லாத கூண்டுக்குள் கரடி நடந்துகொண்டிருந்தது. பத்து நாளில் அந்த இடத்தில் புல் செத்து ஒரு வரி விழுந்தது. குகைப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"கூண்டு போனது அதுக்குத் தெரியலீங்கய்யா" என்றான் ராமுலு.

"எப்பத் தெரியும்?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒன்பது வருஷம் அதுலதான் இருந்தது. நான்தான் பூட்டுவேன்."

நஞ்சுண்டனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மில்லில் கையெழுத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் ரயிலேறி மைசூருக்குப் போனார். அங்கிருந்து மதராசுக்கு, அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு. மூன்று ஊர்களிலும் மிருகக்காட்சி சாலைக்குப் போய்ப் புலி, சிறுத்தை, கரடி இருக்கும் இடங்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றார். பன்னிரண்டு நாள் கழித்துத் தாடியோடு வந்து இறங்கினார்.

"எல்லா எடத்துலயும் நடக்குது அம்மணி" என்றார். குரல் மாறியிருந்தது. "புலி நடக்குது. சிறுத்தை எட்டுப் போடற மாதிரி சுத்துது. லண்டன்லயும் நடந்திருக்கும். பாரீசுலயும் நடந்திருக்கும். நான் பாறையைத்தான் பார்த்தேன். எவ்வளவு பெருசு, எப்படிக் கட்டியிருக்கறான், அதையே பார்த்துட்டு வந்துபோட்டேன்."

"அந்தத் தூங்கின கரடி?"

"அதுவும் நான் போன பொறவு எந்திரிச்சு என்ன பண்ணுச்சோ. ஒரு மணி நேரந்தானே நின்னேன்."

அன்று மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் அவர் கல்லுக்குழிக்குள் இறங்கினார். ராமுலு தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். தோளில் ஒரு வேலமரக் கட்டை. கரடி போகிற வரியின் குறுக்கே அதைப் போட்டால் வேறு பக்கம் திரும்பித்தானே ஆகவேண்டும் என்பது அவர் யோசனை. அது அந்தக் கோடிக்குப் போனபோது இந்தப் பக்கம் கட்டையைப் போட்டார்.

திரும்பி வந்த கங்கம்மா கட்டையின் முன்னால் நின்றது. முகர்ந்தது. பின்னால் போனது, முன்னால் வந்தது. மூன்றடிதான் கிடைத்தது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பி, மூச்சு வேகமானது. நஞ்சுண்டன் நகரவில்லை. "அக்கட்ட போ" என்று கையை நீட்டிக் குகையைக் காட்டினார். "அக்கட்ட போ கண்ணு, அவ்வளவும் உன்றதுதான், போ."

கரடி பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அவர் ஓடப் பார்ப்பதற்குள் இடது தோளில் அடி விழுந்தது.

ராமுலு குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது அவர் கீழே கிடந்தார், கரடி அவருடைய கையைக் கவ்விக்கொண்டிருந்தது. "ஒதுலு தல்லி, ஒதுலு" என்று, விடச்சொல்லித் தெலுங்கில் கத்திக்கொண்டே அவன் அதன் முகத்துக்கு நேராகப் போய் நின்றான். அவன் குரலுக்கு அது வாயைத் திறந்தது. அவரைக் கதவுக்கு வெளியே இழுத்துப் போட்டுத் தாழ்ப்பாள் போட்டான். உள்ளே கங்கம்மா கட்டையைப் புரட்டித் தள்ளிவிட்டுத் தன் நாலடியைத் தொடர்ந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உயிர் பிழைப்பார் என்றார்கள், கை பழையபடி நீளாது என்றார்கள். மூன்றாம் நாள் தெய்வாத்தாளின் தம்பி சென்னிமலை துப்பாக்கியோடு தோட்டத்துக்கு வந்தான். பின்னால் பத்துப் பேர் வந்தார்கள்.

"அக்கா, சாவியைக் குடு."

"எதுக்கு?"

"எதுக்கா? மாமா அங்க கெடக்கறாரு. நாளைக்கு அது மேல ஏறி வந்தா ஊருக்கு யாரு பதில் சொல்றது?"

"மேல ஏறி வர்றதா?" தெய்வாத்தாள் குழியின் ஓரத்துக்குப் போனாள். "இங்க வந்து பாரு. நாலடிக்கு மேல நடக்கத் தெரியல அதுக்கு. இருபதடிப் பாறை ஏறி வருமா?"

சென்னிமலை எட்டிப் பார்த்தான். "இருந்தாலும் மனுசனைக் கடிச்ச மிருகம்."

"இந்த எழவே வேண்டாம்னு மொதல்ல நெனச்சவ நான். வெளிய சொல்லாம இருந்தேன், அது என்ற தப்பு. ஆனா கட்டையைக் கொண்டு போயி அங்க போட்டது கரடியா? அவரு ஒரு எடத்துல உக்காரமாட்டாரு, எவ்வளவு நாளா நானும் பார்க்கறேன். அவரு வழியில யாராச்சும் கட்டை போட்டா அவருந்தான் அடிப்பாரு. போ தம்பி. துப்பாக்கியை எடுத்துட்டு ஊட்டுக்குப் போ."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது.

அதன்பிறகு தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் பொழுதோடு கல்லுக்குழிக்கு வந்தாள். ராமுலு களியை வைக்கும்போது மேலே நின்று பார்ப்பாள். கரடியைப் பிடித்துப்போனதாலல்ல. ஒரு நாள் பார்க்காமல் போனால் வீட்டில் அவளாலும் உட்கார முடியவில்லை.

ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் சாயங்காலம், குழிக்குள் இருந்த மண்மேட்டில் கரையான் புற்று ஒன்றிலிருந்து ஈசல் கிளம்பியது. புகைபோல எழும்பி, சிறகு உதிர்ந்து புல்லில் விழுந்தது. கங்கம்மா திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டது. மூக்கை உயர்த்தியது. ஒரு காலை வரிக்கு வெளியே வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு ஒரே ஓட்டமாக மேட்டில் ஏறிப் புற்றை இரண்டு கையாலும் பிளந்து, வாயைக் குவித்து உறிஞ்ச ஆரம்பித்தது. அந்தச் சத்தம் குழிக்கு மேலே வரை கேட்டது.

"ராமுலு! ராமுலு, அங்க பாரு!" தெய்வாத்தாள் தன்னையறியாமல் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை கரடி பழையபடி நாலடிதான் நடந்தது. தெய்வாத்தாள் விடவில்லை. வண்டி கட்டச் சொல்லி, காட்டு வரப்புகளில் இருந்த புற்றுகளை மண்ணோடு வெட்டி எடுத்துவரச் சொன்னாள். கரடிக்குப் புற்றா என்று ஆட்கள் சிரித்தார்கள். குகை வாசலில் ஒன்று, வேம்படியில் ஒன்று, தொட்டிக்குப் பின்னால் ஒன்று என்று ராமுலு தினமும் இடம் மாற்றி வைத்தான். சில நாள் அது போனது. சில நாள் போகவில்லை.

கார்த்திகையில் நஞ்சுண்டன் வீட்டுக்கு வந்தார். கை மடங்கி நெஞ்சோடு கட்டியிருந்தது. வந்ததும் வராததுமாகக் குழிக்கு நடந்தார். தெய்வாத்தாளும் கூடவே போனாள். கீழே கங்கம்மா தொலைவில் ஒரு மூலையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த வரியின் ஓரத்தில் புது அருகம்புல் முளைத்திருந்தது.

"எப்படி?" என்று கேட்டார்.

அவள் ஈசல் வந்த கதையைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "அப்ப ஆனைமலைப் பக்கத்துல இருந்து ஒரு ஆண் கரடி கொண்டாந்து…" என்று ஆரம்பித்தார்.

"வேண்டாங்க."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். அந்த வார்த்தையை அவரிடம் அவள் சொல்வது இதுதான் முதல் தடவை. நஞ்சுண்டன் அவளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

கங்கம்மா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தது. ஆட்கள் வந்து பார்ப்பதை நஞ்சுண்டன் நிறுத்திவிட்டார். மில்லுக்கு ஒழுங்காகப் போனார், வந்தார். கரடி சில நாள் குழி முழுக்கத் திரிந்து குகையில் போய்ப் படுக்கும். சில நாள் விடிந்ததிலிருந்து அந்த நாலடியைவிட்டு நகராது, புற்று வைத்தாலும் களி வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. ஏன் என்று ராமுலுவுக்கும் தெரியவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் அவன் ஓடிவந்து சொல்வான். நஞ்சுண்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பாதியில் எழுந்து போவார். தெய்வாத்தாள் இலையை மூடி வைத்துவிட்டு, அவர் பின்னாலேயே கிளம்புவாள்.