நான்காம் வேற்றுமையில் ஒரு வணிகக்குறி

1

இந்தக் கதை ‘க்கு’ என்ற இரண்டெழுத்தால் வந்த வினை. இதில் கற்பனை குறைவு, என் வீம்பு அதிகம்.

என் தம்பி மென்பொருள் எழுதுகிறவன். பெரிய நிறுவனம் ஒன்றின் தட்டச்சு மென்பொருளோடு சேர்த்துக்கொள்ள ஒரு சின்னச் செருகுநிரல் செய்தான். திரையில் உள்ள தமிழை அது உரக்க வாசிக்கும். ஒற்று விட்டுப்போயிருந்தால் விட்டுப்போன மாதிரியே வாசிக்கும். பெயர் வைக்க என்னிடம் வந்தான். அக்கா எழுத்தாளராயிற்றே. ‘_____க்கு ஒரு குரல்’ என்று வைத்தேன். கோடு போட்ட இடத்தில் நிறுவனத்தின் பெயர். (அதை எழுத இப்போது கை வரவில்லை.)

2

[“பேராசை பிடித்த அந்த நிறுவனம் தன் கோரப்பிடியில்...” என்று தொடங்கி, அடித்துவிட்டேன். அவர்கள் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது.]

பிறர் பொருளின் பெயர் எங்கள் வணிகக்குறியில் தொடங்கக் கூடாது. ‘இன்னதற்கு’ என்ற பொருள் தரும் சொல்லை முதலில் போட்டு, அதற்குப் பின்னால் எங்கள் பெயரைப் போடலாம். ஏழு நாளில் மாற்றவும். இவ்வளவுதான் கடிதம்.

“‘க்கு’ முன்னாடி வரணுமாம்க்கா, அவங்க பேரு பின்னாடி வரணுமாம்.”

“அது எப்படிடா வரும்? தமிழ்ல உருபு பின்னாடிதான் ஒட்டும்.”

“அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே. பேசாம ‘குரல்’னு மட்டும் வெச்சிடலாம்க்கா, ரெண்டு நிமிஷ வேலை.”

“மாத்தினா நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் எழுதித் தர்றேன், அனுப்பு.”

நான்காம் வேற்றுமை பற்றி நாலு பக்கம் எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன்.*

* அவர்கள் பெயர் முன்னால் நின்றால், செய்ததும் அவர்களே என்று வாங்குகிறவர் நினைக்கக்கூடும். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த நாலு பக்கத்தில் இதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

3

பதில் வரவில்லை. எட்டாம் நாள் செருகுநிரல் அந்த நிறுவனத்தின் இணையக் கடையிலிருந்து காணாமல்போனது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் கணினிகளிலும் ஊமையானது.

அவர்களில் ஒருவர் என் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவர். பதினோரு வருடமாக என் புத்தகங்களைத் திருத்துகிறார். கடைசி மூன்று வருடத்தில் பார்வை முழுக்கப் போய்விட்டது. செருகுநிரல் வாசிக்க, காதால் கேட்டே திருத்திவந்தார். [முதல் வரைவில் அவரை அழவைத்திருந்தேன். அவர் அழுகிற ரகம் இல்லை.]

“காலையிலேருந்து சத்தமே இல்லைங்க. நான்தான் எதையோ தட்டிட்டேன்னு ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பார்த்துட்டிருக்கேன்.”

“உங்க தப்பு இல்ல. பேருல ஒரு தகராறு.”

முழுவதும் சொன்னேன்.

“பேரை மாத்தியிருந்தா ஓடியிருக்குமா?”

“ஓடியிருக்கும்.”

“ஏன் மாத்தல?”

“இலக்கணப்படி நம்ம பேரு சரிங்க.”

“சரிதான்,” என்று போனை வைத்துவிட்டார்.

தம்பி அன்றே ‘குரல்’ என்று மாற்றி அனுப்பினான். பரிசீலிக்க ஒரு மாதமாகும் என்றார்கள். பதிப்பகம் அவர் கையிலிருந்த புத்தகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அடுத்தது கிடைக்குமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு ஒன்று: நிறுவனம் தமிழுக்காக விதியைத் திருத்துகிறது. (என் ஆசை. அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: பதிப்பகம் மனமிரங்கி அவரைக் கூப்பிட்டு

இல்லை. கூப்பிடவில்லை.

நடந்தது இது. இந்தக் கதையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசிக்க வேறு குரல் இல்லாததால் நானே வாசித்தேன். நடுவில் இரண்டு ஒற்றுப் பிழைகளைப் பிடித்தார். கடைசி வாக்கியம் அப்போது இப்படி இருந்தது: “ஒரு பெயருக்காகப் பலரின் குரல் நிறுத்தப்பட்டது.”

“நிறுத்தப்பட்டதா? யாரால?” என்றார்.

நான் பேனாவை எடுத்தேன்.

“செயப்பாட்டுவினையில ஒளிஞ்சுக்காதீங்க. செய்வினையா மாத்துங்க.”

மாற்றினேன். “ஒரு பெயருக்காகப் பலரின் குரலை நிறுத்தினார்கள்” என்று வாசித்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிழை இருந்தால் சொல்லாமல் விடுகிறவர் இல்லை. முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். நான் தாளை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் ஒரு விகுதி தப்பு. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வாசகரே, அதை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.