வியாகுலமேரியின் கட்டைவிரல்

1

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த சரக்கு ஒரே ஒரு வாக்கியம். அதுவும் என்னுடையது இல்லை. குளத்தூரிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் சொன்னது. பெயர் இருதயநாதன் என்றார். நான் எதையோ கேட்க, அவர் எதையோ சொல்ல, பேச்சுவாக்கில் இப்படி விழுந்தது:

"எங்க அம்மா மொளகா இடிக்கிற அதே கையாலதான் தோட்டாவுக்குக் கேப்பு அமுக்குவாங்க."

அப்புறம்? அப்புறம் என்ன, ஸ்டாப்பிங் வந்துவிட்டது. மனுசன் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். படுபாவி! ஒரு கதையை மடியில் போட்டுவிட்டு இப்படியா இறங்குவது?

ஆகவே மீதி எல்லாம் என் இட்டுக்கட்டல். அவர் அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வியாகுலமேரி என்று நானே வைத்தேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தோட்டாவின் அடியில், நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு செம்புக் கிண்ணம் பதிந்திருக்கும். அதுதான் கேப்பு. துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் பொறி பறந்து உள்ளே மருந்து பற்றும். சுட்ட பிறகும் பித்தளைத் தோட்டா வீணாவதில்லை. பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை அமுக்கி, மறுபடி அடைத்துக்கொள்ளலாம். இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"1957-ஆம் வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில், ஆவூருக்கு மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து இன்னாசி என்ற சம்சாரி, கேப்பு அமுக்கும் கருவி வாங்கத் தன்னந்தனியாகப் புறப்பட்டபோது வானத்தில்"

வானத்தில் ஒன்றும் இல்லை. அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் பெரிய தப்பு கண்ணில் பட்டது. இன்னாசி ஏன் தனியாகப் போகிறான்? கேப்பு அமுக்குவது அவன் இல்லையே! கிணற்றில் நீர் இறைக்கும் கமலை உருளையில் சிக்கி அவனுடைய வலது கைக் கட்டைவிரலும் பக்கத்து விரலும் நசுங்கி நாலு வருசமாகிறது. லைசென்ஸ் அவன் பேரில். கடலைக் கொல்லையில் பன்றி இறங்கினால் இடது கையால் விசையை இழுப்பவனும் அவன்தான். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து, மரச்சுத்தியால் ஒவ்வொரு கேப்பாகத் தட்டி உட்கார வைப்பது பெண்டாட்டி வியாகுலமேரி. கருவி யாருடைய கைக்கோ அவளையல்லவா கூட்டிப்போக வேண்டும்? ஆகவே இருவரையும் பஸ் ஏற்றுகிறேன்.

3

அதற்கு முன் போன வருசத்துக் கதை.

அந்த ஊரில் பாஸ்கு என்கிற ஈஸ்டர் அன்று விடியும் நேரத்தில் உயிர்த்த ஆண்டவர் சுரூபம், அதாவது சிலை, கோயில் வாசலைத் தாண்டும்போது ஒரு வேட்டு போட வேண்டும். மூன்று தலைமுறையாக அது இன்னாசி வீட்டு மரியாதை. அதற்கு என்று அடைக்கும் இரண்டு தோட்டாக்களை அதற்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று ஓலையோடு கூடையில் வைப்பார்கள். சாமியார் எல்லாவற்றுக்கும் சேர்த்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார்.

போன வருசம் சுரூபம் வாசலைத் தாண்டியது. இன்னாசி விசையை இழுத்தான். டிக் என்றது. இரண்டாவது தோட்டாவைப் போட்டான். அதுவும் டிக். ஊரே வாயைப் பிளந்து நின்றது. அந்த வருசம் மழையும் பொய்த்துவிட, கேட்கவா வேண்டும்?

"பொம்பள கை பட்டா எப்படிய்யா வெடிக்கும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான் பங்காளி ஆரோக்கியமுத்து. அவன் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருந்தது. இந்த வருசமும் வெடிக்காவிட்டால் மரியாதை அவன் வீட்டுக்குப் போகும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். இன்னாசி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு வந்தான். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. வியாகுலமேரிக்கு ஊர் பேசியதைவிட அதுதான் ஆறவில்லை.

அவளுக்கு ஒரு விசயம் தெரியும். வேட்டுக்கென்று அடைத்த அன்றைக்கே அதே கையால், அதே மருந்தைப் போட்டு அவள் இன்னும் நாலு தோட்டா அடைத்திருந்தாள். அவை வீட்டு டப்பாவில் இருந்தன. பாஸ்கு முடிந்த மறு வாரம் நாலும் பன்றிமேல் படபடவென்று வெடித்தன. கூடைக்குப் போன இரண்டு மட்டும்தான் வெடிக்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல? தீர்த்தம் பட்டு நமத்துப்போனது என்று சொன்னால் ஊரில் இருக்க விடுவார்களா?

(இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அழுகிற ஆள் இல்லை இவள். அந்த இரண்டு தோட்டாக்களையும் தூக்கிப்போடாமல் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்து வருசம் முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்தவள்.)

4

புதுக்கோட்டையில் துப்பாக்கிச் சாமான் விற்ற ஷேக் தாவூது ராவுத்தர் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார்.

ஒன்று சீமைச் சாமான். பாக்குவெட்டி மாதிரி இரண்டு நீளக் கைப்பிடி. தோட்டாவைச் செருகி உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினால் தீர்ந்தது வேலை. இன்னொன்று திருச்சிப் பட்டறையில் செய்தது. கைக்குள் அடங்கும் பித்தளை. கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை மெதுவாக அழுத்த வேண்டும்.

இன்னாசி பெரியதை எடுத்துப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ வியாகுலம், இதுக்குக் கட்டைவெரலே வேணாம் புள்ள! இதுன்னா நானே அமுக்கிருவேன். ஊர் வாயும் அடைஞ்சுரும்."

வியாகுலமேரி மடியிலிருந்து போன வருசத்துத் தோட்டா ஒன்றை எடுத்து ராவுத்தர் முன்னால் வைத்தாள். மருந்தையெல்லாம் எப்போதோ கொட்டியிருந்தாள். ராவுத்தர் அதன் அடியை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"சாஞ்சு உக்காந்துருக்கு தங்கச்சி. சுத்தியால தட்டுனா இப்படித்தான் ஒரு பக்கம் சந்து விழும். தண்ணி ஏதும் பட்டுச்சா?"

"பட்டுச்சுங்க."

"மழைத் தண்ணியா?"

அவள் புருசனை ஒரு பார்வை பார்த்தாள். "தீர்த்தம்."

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டார். "தண்ணியக் குத்தம் சொல்றதுக்கில்ல. சரியா உக்காந்த கேப்புன்னா அந்தத் துளிக்கு அசையாது."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றான் இன்னாசி.

"சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?"

"கூடையில வைக்கும்போது துணியில சுத்தி வைக்கச் சொல்லிருப்பேன்."

"அப்ப அது மந்திரிச்ச தோட்டாவா? ஊரு ஏமாந்துரும், ஆண்டவரு ஏமாறுவாரா?"

ராவுத்தர் வெடித்துப்போன பழைய கேப்புகள் சிலதைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் இரண்டு கருவியிலும் அமுக்கினாள். பெரியதில் ஒரே நொடியில் உட்கார்ந்தது. ஆனால் எப்போது உட்கார்ந்தது என்று கைக்குத் தெரியவில்லை. சின்னதில் நேரம் பிடித்தது. கேப்பு நேராக இறங்குவதும் அடியைத் தொட்டு நிற்பதும் கட்டைவிரலுக்கு அப்படியே தெரிந்தது. விரல் நுனியால் தடவினாள். விளிம்புக்கு மயிரிழை கீழே சரியாக இருந்தது.

"இதுதாங்க வேணும்."

"ஏப்புள்ள, பெருசுன்னா நான் அமுக்குவேங்குறேன்ல? ஒன் மேல பழி வராது."

"பெருசுல நீங்க அமுக்கி வெடிச்சா, போன வருசம் வெடிக்காததுக்கு எங்கைதான் காரணம்னு ஆயிரும். சாகுற வரைக்கும் அந்தப் பேச்சுத்தான். எனக்குச் சின்னது போதும்."

(இந்த வசனத்துக்காக நான் பத்து நாள் மல்லுக்கட்டினேன். பெரியதை வாங்கவைத்தால் புருசனுக்கு நல்லது, குடும்பத்துக்கு நல்லது, கதையும் சீக்கிரம் முடியும். மூன்று தடவை அவள் கையில் பெரியதைக் கொடுத்தேன். மூன்று தடவையும் திருப்பி வைத்துவிட்டாள். எனக்கு இவள்மேல் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது.)

இன்னாசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினான்.

5

குருத்தோலை ஞாயிறன்று அவள் இரண்டு தோட்டாக்களைக் கூடையில் நட்டமாக நிறுத்தினாள், கேப்பு இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி. சாமியார் வந்தார். தாராளமாகவே தெளித்தார். இரண்டு கேப்பின் மேலும் துளிகள் நின்றதை அவள் பார்த்தாள். முந்தானையால் துடைக்கக் கை பரபரத்தது. துடைக்கவில்லை.

6

முடிவுகள்.

அ) வெடித்தது. ஊர் ஆரவாரித்தது. ஆரோக்கியமுத்து வந்து மன்னிப்பு (போதும். ஆரோக்கியமுத்து மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை, அவனைப் படைத்த எனக்குத் தெரியாதா?)

ஆ) வெடிக்கவில்லை. வியாகுலமேரி தலைகுனிந்து (இதை எழுதக் கை வரவில்லை. எழுதினால் நானும் ஆரோக்கியமுத்துவும் ஒன்று.)

இ) கேப்பைச் சுற்றிக் கோயில் மெழுகுதிரியை உருக்கி அடைத்திருந்தாள் (கெட்டிக்காரத்தனமான முடிவு. எனக்கே பிடிக்கிறது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் கட்டைவிரலை நம்பவில்லை என்றாகிவிடும்.)

ஆகவே எனக்கு உறுதியாகத் தெரிந்த வரைக்கும் சொல்லி நிறுத்துகிறேன்.

பாஸ்கு விடியற்காலை. சுரூபம் வாசலை நெருங்குகிறது. ஊரின் கண் முழுக்க இன்னாசிமேல் இருக்கிறது. துப்பாக்கியை மேலே தூக்கியவன் திடீரென்று கீழே இறக்குகிறான். கடையிலிருந்து திரும்பிய நாளாக வீட்டில் பாதிப் பேச்சுத்தான் பேசிக்கொண்டிருந்தவன், இப்போது கூட்டத்தைப் பார்த்து, ஆரோக்கியமுத்துவுக்கும் நன்றாகக் கேட்கும்படி சத்தம் போடுகிறான்:

"எல்லாரும் கேட்டுக்கங்க! இது எம்பொண்டாட்டி அமுக்குன கேப்பு. போன வருசமும் அவதான். அடுத்த வருசமும் அவதான்."

வியாகுலமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அழமாட்டாள் என்று எழுதியது நான்தான். தப்பு.

இன்னாசி துப்பாக்கியை மறுபடி தூக்குகிறான். சுரூபம் வாசலைத் தாண்டுகிறது. அவனுடைய இடது கைவிரல் விசைமேல் இருக்கிறது.

வெடித்ததா? என்னைக் கேட்காதீர்கள். அந்த வாத்தியார் இறங்கியதுபோல் நானும் என் ஸ்டாப்பிங்கில் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் இருங்கள். பெண்கள் பக்கத்தில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். வியாகுலமேரி மட்டும் பொத்தவில்லை. நீங்களும் பொத்தாதீர்கள்.