மூன்றாவது மஞ்சள் கோடு

ஈ செத்துக் கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற மனுஷி ஒருத்தி உண்டென்றால், இந்தக் கோடையில் அது இண்டூர் கலைமணிதான். பாகல் பந்தலில் தொங்கவிட்ட பொறி டப்பாக்களைக் காலையில் திறந்து, செத்த ஈக்களை ஓர் இலையில் கொட்டி, புருஷன் மாதுவிடம் கொண்டுபோய்க் காட்டுவாள்.

"பாருங்க, எத்தன செத்துக் கெடக்குதுன்னு. இனிமே காய் தப்பிச்சிரும். நீங்க எங்கயும் போவ வேண்டாம்."

அவன் போகவேண்டியிருந்த இடம் பெங்களூர். போன வருஷம் அங்கே கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவன், கீழே மணல் குவித்திருந்ததால் பிழைத்தான். இனி அந்த வேலைக்குப் போவதில்லை என்று தன் தலைமேல் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள் கலைமணி. சத்தியம் சோறு போடாது என்பது அவளுக்கும் தெரியும். பந்தல் போடும் என்று நம்பினாள்.

காயில் புழு வைக்கத் தொடங்கியதும், பக்கத்து மாந்தோப்பு தீர்த்தகிரியிடம் சொல்லி, அவர் பொறிகளில் வைக்கிற, ஈயை இழுக்கும் மருந்தில் ஊறிய பலகைத் துண்டுகளையே வாங்கிவந்து மாட்டினாள். ஈ காயைக் குத்துகிறது, ஈ பொறியில் விழுகிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நீங்களும் நானும் இருந்தாலும் இதையேதான் செய்திருப்போம்.

ஆனால் டப்பா நிறைந்துகொண்டே இருக்க, காய் அழுகிக்கொண்டே வந்தது. மாந்தோப்பைப் பார்க்க வந்த வேளாண் அலுவலர் நிர்மலாதேவியை அவள் விடாப்பிடியாகப் பந்தலுக்குள் கூட்டிவந்தாள். அவர் பொறியிலிருந்து ஓர் ஈயை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். இலைக்கடியில் உட்கார்ந்திருந்த இன்னொன்றைப் பிடித்துப் பக்கத்தில் வைத்து, லென்ஸை நீட்டினார்.

"அக்கா, ரெண்டுக்கும் முதுகைப் பாருங்க."

பொறி ஈயின் முதுகு கறுப்பு; இரு ஓரமும் ஒவ்வொரு மஞ்சள் கோடு. இறக்கை கண்ணாடி மாதிரி தெளிவு. இலையில் பிடித்தது செம்பழுப்பு. ஓரக் கோடுகளுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு மஞ்சள் கோடு, இறக்கை நுனியில் பழுப்புப் பொட்டு.

"டப்பாவுல விழுந்தது மாங்கா ஈ, அக்கா. நீங்க வச்ச மருந்துக்கு அதுதான் வரும். பாவக்காயைக் குத்தறது இந்த மூணு கோட்டு ஈ. இதுக்கு மருந்து வேற."

கலைமணி டப்பாவைக் கவிழ்த்துக் கிளறினாள். ஒன்றிலாவது அந்த நடுக்கோடு இருக்காதா என்று லென்ஸை மாற்றி மாற்றி வைத்தாள். எல்லாம் இரண்டு கோடுதான். கோடை முழுக்க அவள் தீர்த்தகிரியின் மாமரங்களுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

"இப்ப மருந்த மாத்தினா ஆவாதுங்களா மேடம்?"

நிர்மலாதேவி ஒரு காயைப் பிளந்தார். புழுக்கள் துள்ளி விழுந்தன. "குத்துன காய் போனதுதாங்க்கா. கொடியும் ஓய்ஞ்சிருச்சு. அடுத்த தடவ பூ வைக்கறப்பவே மாட்டுங்க." எவ்வளவு தன்மையாகச் சொன்னாலும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

சாயங்காலம் கலைமணி எதையும் மறைக்காமல் மாதுவிடம் சொன்னாள். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"தீர்த்தகிரி மாங்காயில இந்த வருசம் புழுவே இல்லையாம்," என்றான். செல்போனை அவளிடம் நீட்டினான். "பெங்களூர் மேஸ்திரிகிட்ட நீயே பேசு. உன் தலமேல செஞ்ச சத்தியம். நானா கேட்டா உனக்கு ஆவாது."

அவள் பேசினாள். எந்த வேலைக்கு வேண்டாம் என்று அழுதாளோ, அதே வேலைக்கு அவனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள்.

"கீழ் வேலைக்கெல்லாம் ஆள் ரொம்பிருச்சும்மா," என்றார் மேஸ்திரி. "பன்னண்டாவது மாடியில வெளிப்பூச்சுக்குத்தான் ஆள் வேணும். ஏறுவாரா?"

கலைமணி செல்போனை மறு காதுக்கு மாற்றினாள். மாது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏறுவாருங்க," என்றாள்.