ஒளிமாறன் ஓட்டிய சிக்ஸ் சீட்டர்

இடைவேளைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அதற்குள்ளேயே சுப்ரஜா மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

திரையில் ஒளிமாறன் விண்வெளியில் பறந்துகொண்டிருந்தான். காற்றே இல்லாத இடத்தில் அவன் தலைமுடி ஷாம்பு விளம்பரம் போல அலைபாய்ந்தது. ஒரு கையில் கதாநாயகியைத் தூக்கி வைத்திருந்தான். படம் ஆரம்பித்ததிலிருந்து தூக்கப்படுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலையே கொடுக்கவில்லை. சந்திரனைத் தாண்டும்போது அவள் "மாமா, குளிருதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பாட்டு வந்தது. செவ்வாய்க் கிரகத்தில் முப்பது பெண்கள் வெள்ளித்தாள் பாவாடை கட்டிக்கொண்டு அதற்காகவே காத்திருந்தார்கள்.

தியேட்டர் சிரித்தது. "முப்பத்தொண்ணாவது சிரிப்பு," என்றார் பக்கத்து இருக்கை வாசுதேவன். டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

புனே கேம்ப் பகுதியின் அந்தப் பழைய தியேட்டரில் தமிழ்ப் படத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு காட்சிதான். ஞாயிறு காலை ஒன்பது மணி. பன்னிரண்டு மணிக்கு இந்திப் படம் வந்துவிடும். அந்த ஒரு காட்சிக்காகக் கட்கியிலிருந்தும் நிக்டியிலிருந்தும் மகர்பட்டாவிலிருந்தும் கூட்டம் வரும். வாசுதேவன் வங்கி அதிகாரி, நிக்டிவாசி, கும்பகோணத்துக்காரர். சிரிக்கக்கூடாத இடத்தில் தியேட்டர் சிரித்தால் அவர் ஒரு கோடு போடுவார். அன்று மாலையே படத்தைக் கிழித்து ஒரு மெயில் எழுதுவார். 'ஞாயிறு தீர்ப்பு' என்று பெயர். ஆயிரத்து நானூறு பேருக்குப் போகும். சென்னையில் சில தயாரிப்பாளர் ஆபீஸ்களில்கூட அதைப் படிக்கிறார்கள் என்று பேச்சு.

தீர்ப்பின் கடைசியில் 'குற்றவாளிகள்' என்றொரு பட்டியல் இருக்கும். படம் முடிந்து ஓடுகிற பெயர்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். வழக்கமாக ஆபரேட்டர் மோகாஷி இந்திப் படத்துக்கு அவசரப்பட்டு அந்தப் பெயர்களை வெட்டிவிடுவான். வெட்டாமல் இருப்பதற்காக வாசுதேவன் மாதாமாதம் அவனுக்கு அரைக் கிலோ காபிப் பொடி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டியல்தான் சுப்ரஜாவின் பயம். ஒளிமாறன் படத்தின் கிராஃபிக்ஸ் அவள் செய்தது. கோத்ரூடில் ஒரு மிட்டாய்க் கடையின் மாடியில், எட்டு கம்ப்யூட்டர் உள்ள கம்பெனியில், பதினோரு மாதம் உட்கார்ந்து செய்தது. ஐந்து வருட வேலையில் முதல் தடவையாகத் திரையில் அவள் பெயர் வரப்போகிறது. வாசுதேவனையும் சேர்த்து, வாரந்தோறும் கூடப் படம் பார்க்கும் மூன்று கூட்டாளிகளிடம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தாள். பெயர் வரும்போது தாங்களாகவே பார்த்துத் திகைக்கட்டும் என்று ஆசை. "இந்தத் தடவை எல்லாருமே சார்கூடக் கடைசிவரை உட்காருவோம்," என்று சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்தவளும் அவள்தான்.

கதையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. துண்டு துண்டாக வந்த காட்சிகளில் கப்பலும் நட்சத்திரமும் சேர்த்து அனுப்பியதோடு சரி. அந்தத் துண்டுகளுக்கு நடுவில் இவ்வளவு குப்பை இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறாள்.

இடைவேளைக்குப் பிறகு அது நடந்தது.

வில்லனின் விண்கலத்தை ஒளிமாறன் கைப்பற்றுகிற காட்சி. அவன் முகம் திரை முழுக்க நின்றது. கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். கேமரா மெல்லப் பின்னால் போனது. விண்கலம் வரவேண்டிய இடத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு சிக்ஸ் சீட்டர் மிதந்து வந்தது. நிக்டி நாக்கா முச்சந்தியில் ஆறு பேர் இடத்தில் பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு டமடமவென்று புகை விடுமே, அதே மூன்று சக்கர வண்டி. இரண்டே விநாடி. வந்தது, போனது.

தியேட்டரின் கூரை பிய்ந்தது. விசில், கைத்தட்டல். பால்கனியிலிருந்து ஒருவன், "சலா, சலா, நிக்டி சலா," என்று ஆளேற்றும் கண்டக்டர் குரலில் மராத்தியில் கூவினான்.

சுப்ரஜா இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது டம்மி. உண்மையான கப்பல் வரையப்படும்வரை கேமரா எங்கே போகும் வரும் என்று பார்க்க ஏதாவது ஒரு பொருளை அந்த இடத்தில் வைப்பார்கள். மற்றவர்கள் ஒரு பெட்டியை வைப்பார்கள். அவள் விளையாட்டாகச் சிக்ஸ் சீட்டரை வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அசல் கப்பலைப் போட்டு அனுப்பிவிட்டாளே. இது எப்படிப் படத்தில் வந்தது?

கடைசியில் பெயர்கள் ஓடின. 'கிராஃபிக்ஸ் மேற்பார்வை: சுப்ரஜா, புனே.' மூன்று தலைகள் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

தியேட்டருக்கு எதிரே இரானி ஹோட்டலில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மரியம்மாள், பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், வெண்ணெய் தடவிய பன்மஸ்காவை டீயில் முக்கியபடி ஆரம்பித்தாள்.

"இருவது வருசமா வெடிமருந்து கூட இருக்கேன். வெடிச்சா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும். இந்தப் படத்துல மட்டுமில்ல, இங்கிலீசு, இந்தி எல்லாத்துலயும் பாக்கேன், ஊரே இடிஞ்சு விழுது, ஒருத்தனுக்கும் காது அடைக்கல. கட்டடம் விழுந்தா உள்ள ஆள் இருக்கும்லா? அவன் சண்டை போட்டுட்டு முடிய ஒதுக்கிட்டுப் போயிருதான். பாக்கப் பாக்கக் குமட்டுது."

"எனக்கு அந்தக் கம்ப்யூட்டருங்க," என்றான் முகமது ரஃபீக். கோயம்புத்தூர்க்காரன், மகர்பட்டாவில் சாஃப்ட்வேர் வேலை. "செவ்வாயில இருந்து லேப்டாப்புல வைரஸ் அனுப்பறானுங்க. எங்க ஆபீஸ்ல பக்கத்து பில்டிங்குக்கே நெட் எட்ட மாட்டேங்குது. பாஸ்வேர்டு என்னன்னு பாத்தீங்களா? அவன் பேரு. அவன் பேரையே அடிச்சா பூமி பொழைக்குது. இந்த மூணு மாசத்துல நாலு படம் பாத்துட்டனுங்க, நாலும் இதே கதை. ஒருத்தனுக்குச் சக்தி வரும், அம்மா சாவாங்க, கடைசியில அமெரிக்கக் கொடிக்குப் பதிலா நம்ம கொடி."

"பொம்பளைய மூட்டை மாதிரி தூக்கிட்டுத் திரியுதான், அதையும் சொல்லு."

"மொத்தம் நாப்பத்தாறு," என்று டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினார் வாசுதேவன். "இதுவரைக்கும் எந்தப் படமும் நாப்பதைத் தொட்டதில்லை. பிள்ளைகளைக் கூட்டிண்டு வந்தவா பாதியில எழுந்து போயிட்டா. அசிங்கம். ஆனா அந்தச் சிக்ஸ் சீட்டருக்கு மட்டும் நான் கோடு போடலை. அது சரியான சிரிப்பு. ஏம்மா சுப்ரஜா, இத்தனை நாள் கமுக்கமா இருந்துட்டு என்ன வேலை பண்ணியிருக்கே. மூணு மணி நேரக் குப்பையில ரெண்டு விநாடி மூளை தெரிஞ்சுதுன்னா அது உன்னோடதுதான்."

"தைரியம் வேணுமுங்க," என்றான் ரஃபீக். "டைரக்டர் கண்ணுல மண்ணைத் தூவிட்டு நம்ம ஊர் வண்டிய மேல அனுப்பிட்டீங்க."

"இன்னிக்குக் குற்றவாளிப் பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுத்துட்டு, மேலே தனியாப் போடறேன். இந்தப் படத்தைக் கேலி பண்ணின ஒரே ஆள், படத்துக்குள்ளேயே இருந்த ஆள்னு."

சும்மா இருந்தால் போதும். சிரித்துத் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தால், நாளைக் காலை ஆயிரத்து நானூறு பேர் அவளைக் கொண்டாடுவார்கள். சுப்ரஜா டீயைத் தள்ளி வைத்தாள். பதினோரு மாதத்தில் இருநூற்றுப் பத்து காட்சிகள். ஒன்றைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. தவறி வந்த ஒன்றுக்குப் பாராட்டு.

"அது நான் அனுப்பினது இல்ல சார்," என்றாள். டம்மி என்றால் என்ன என்று சொன்னாள். "பழைய ஃபைல்ல ஹீரோ முகம் ரெண்டு விநாடி கூட வரும். கப்பல் நல்லாத் தெரியணும்னு புதுசுல அதைக் குறைச்சேன். சென்னையில முகம் நீளமா இருக்கறதை எடுத்துப் போட்டிருக்காங்க. பின்னாடி என்ன வருதுன்னு பாக்கவே இல்ல. எடிட் பண்ணவரு பாக்கல, டைரக்டர் பாக்கல, அத்தனை பேர்ல ஒருத்தர் பாக்கல."

வாசுதேவன் டிக்கெட்டைக் கீழே வைத்தார்.

"எப்படிம்மா பாக்காம இருப்பா?" என்றார் வாசுதேவன்.

"முகத்தைத்தான் பாத்திருப்பாவ," என்றாள் மரியம்மாள்.

"அசல் கப்பல் என்கிட்ட இருக்கு. நாலு மாசம் அதுக்கு மட்டும். அதைப் பாத்துட்டு எழுதுங்க சார். நான் செஞ்சது அதுதான். பாராட்டினாலும் திட்டினாலும் அதை வெச்சு எழுதுங்க."

ரஃபீக்கின் ஸ்கூட்டரிலும் ஒரு ரிக்‌ஷாவிலுமாகக் கோத்ரூடுக்குப் போனார்கள். கீழே மிட்டாய்க் கடையில் ஜிலேபி வேகும் வாசனை மாடிவரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனியில் யாரும் இல்லை. சுப்ரஜா தன் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தாள். மூவரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

கறுப்புத் திரையில் நட்சத்திரங்கள். ஒளிமாறன் கண்ணாடியைக் கழற்றினான், சீக்கிரமே ஒதுங்கினான். நீல வெளிச்சத்தில் கப்பல் வந்தது. பிறை போல வளைந்த இறக்கைகள், அடிவயிற்றில் வரிவரியாய் விளக்குகள். உலோகத்தில் கீறல்கள்கூட இருந்தன. ஒவ்வொரு கீறலையும் அவள் தனித்தனியாகப் போட்டிருந்தாள்.

"அடேயப்பா," என்றார் வாசுதேவன். "இதையா தூக்கிப் போட்டா?"

சுப்ரஜாவுக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. மரியம்மாள் மட்டும் குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இன்னொரு வாட்டி போடுட்டி."

போட்டாள்.

"இது அந்த இங்கிலீசுப் படத்துக் கப்பல்லா? போன வருசம் வந்துச்சே, எம்மவனும் நானும் மூணு தடவை போனோம். கீழ இந்த விளக்கு, இந்த வளைவு, அப்படியே இருக்கு. இங்கன மட்டும் செவப்பா இருக்கும், நீ நீலமா போட்டிருக்க."

ரஃபீக்குக்கும் முதலிலேயே தெரிந்திருக்கிறது என்பது, அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றதிலேயே தெரிந்தது.

மறுக்க சுப்ரஜாவிடம் வார்த்தைகள் இருந்தன. மாதிரி பார்த்துச் செய்வது இந்தத் தொழிலில் சகஜம். டைரக்டரே டிவிடியைக் கொடுத்து, இதே மாதிரி, நிறத்தை மட்டும் மாற்று என்றார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான்கு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வார்த்தைகள் அவை. மரியம்மாளின் முகத்துக்கு நேரே அவற்றை எடுக்க வெட்கமாக இருந்தது.

"ஆமாக்கா. டிவிடிய நிறுத்தி நிறுத்திப் பாத்து வரைஞ்சேன். கீறல்கூட அதுல இருந்ததுதான்."

காலையிலிருந்து அந்தப் படத்தின் மேல் வந்த அருவருப்பு முழுக்க இப்போது திரும்பி, அவள் கைகளின் மேலேயே வந்து நின்றது. கதையைத் திருடியவன், முகத்துக்காகப் படத்தைக் கெடுத்தவன், பார்க்காமலே வெளியிட்டவன் எல்லோரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தாயிற்று. அந்த வரிசையில் தனக்கும் ஓர் இடம் இருப்பதை மட்டும் இவ்வளவு நேரம் கவனிக்காமல் இருந்திருக்கிறாள்.

"அந்தச் சிக்ஸ் சீட்டர்?" என்று கேட்டார் வாசுதேவன், கொஞ்சம் தயங்கி.

"அது மட்டும் நானே செஞ்சது. டேப் எடுத்துட்டுப் போய் நாக்காவுல அளந்தேன். டிரைவர் ஆர்டிஓ ஆளுன்னு நெனச்சு வண்டிய எடுத்துட்டு ஓடிட்டான். மீதியக் கண்ணால பாத்துதான் போட்டேன்."

அப்போது கைபேசி அடித்தது. கம்பெனி முதலாளி ரவிசந்திரன். அறை சின்னது. அவர் குரல் பெரியது. எல்லோருக்கும் கேட்டது.

"சுப்ரஜா, எங்க இருக்க? இப்பதான் டைரக்டர் போன் பண்ணாரு. புனேல அந்த வண்டி வர்ற இடத்துல விசில் பறந்துச்சாமே. யாரோ தியேட்டர்ல இருந்தே அவருக்குச் சொல்லியிருக்காங்க. மொதல்ல எகிறினாரு, அப்புறம் குஷியாயிட்டாரு. ரெண்டாம் பாகத்துல ஊருக்கு ஒண்ணு வேணுமாம். பாம்பேக்கு டாக்ஸி, கல்கத்தாவுக்கு டிராம். எல்லாம் தானே யோசிச்சதா பேட்டியும் குடுத்துட்டாரு. அதுல வர்ற கப்பலுக்குப் புது டிவிடி நேத்தே வந்திருச்சு, உன் மேசை மேல வெச்சிருக்கேன் பாரு. நிறத்தை மட்டும் மாத்திடு."

டிவிடி மேசை மேல்தான் இருந்தது. வேறொரு ஆங்கிலப் படம், இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை. சுப்ரஜா அதைக் கையில் எடுத்தாள். அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு வரிசை போலச் சின்ன எழுத்தில், அந்தப் படத்தைச் செய்தவர்களின் பெயர்கள்.

"நான் செய்யப்போறதில்ல சார்."

"எதை? டிராமையா?"

"எதையும். நாளையில இருந்து வேற ஆளைப் பாருங்க."

மறுமுனையில் தட்டில் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. "காலையில படம் பாத்துட்டு மூடு அவுட்டா? எல்லாப் படமும் அப்படித்தாம்மா இருக்கும். உனக்கென்ன, பேரு வருதில்ல. இந்தத் தடவை இன்னும் பெருசா, தனியாப் போடச் சொல்றேன்."

"வேண்டாம் சார்."

"அப்புறம் கிராஃபிக்ஸுக்கு யார் பேரைத்தான் போடறது?"

சுப்ரஜா அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

"எழுதிக்கறீங்களா? இதுல இருக்கறதை வரிசையாப் படிக்கறேன்."