லியாவா, இம்பீராவா

காஞ்சிபுரம் பக்கத்து முசரவாக்கம் கண்ணாயிரத்திடம் நோர்டா கம்பெனியின் லியா கார் ஒன்று இருந்தது. வெள்ளி நிறம், சின்ன செடான். அவருக்குத் தொழில் பந்தல் போடுவது. கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, சாமியானாவிலிருந்து சமையல் அண்டா வரைக்கும் அவரிடம் வாடகைக்குக் கிடைக்கும். பெரிய சாமான்கள் டெம்போவில் போகும். கரண்டி மூட்டை, ஒயர் சுருள், மேடைக்கு விரிக்கிற சிவப்புக் கம்பளம் இதெல்லாம் லியாவின் டிக்கியில் போகும். ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவர்களும் லியாவில்தான் போவார்கள். எந்த நேரத்தில் வந்து கூப்பிட்டாலும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த ஒரு விஷயத்தில் கண்ணாயிரத்துக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு நாள் காலையில் ஷோரூமிலிருந்து கிரேஸ் என்ற பெண் போன் செய்தாள்.

"சார், நீங்க எங்க ஓல்ட் கஸ்டமர். இம்பீரான்னு புது மாடல் வந்திருக்கு. லியா வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல காட்டறோம்."

"அது பெரிய வண்டியாச்சேம்மா. நமக்கு எதுக்கு?"

"அதைத்தான் சார் நானும் கேட்கிறேன்" என்றாள் கிரேஸ். பிறகு தான் சொன்னது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, அவசரமாகத் திருத்திக்கொண்டாள். "இல்ல சார், லியா ஓனருங்க இம்பீராவுக்கு மாறுவாங்களா மாட்டாங்களான்னு ஹெட் ஆபீஸ்ல கேட்கிறாங்க. யாரும் தெளிவா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பாருங்க. பிடிச்சா எடுத்துக்குங்க, இல்லன்னா விட்டுடுங்க."

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கண்ணாயிரம் வெள்ளை கேட் என்கிற இடத்தில் இருந்த அந்த ஷோரூமுக்குப் போனார். பழைய வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று பார்ப்பதற்காக லியாவை அங்கே விடச் சொன்னார்கள். விட்டார். கறுப்பு இம்பீராவின் கதவைக் கிரேஸ் திறந்து பிடித்தாள். உள்ளே எல்லாச் சீட்டும் பால் நிறத் தோல். பொத்தானை அழுத்திவிட்டு அவர் காத்திருந்தார்.

"ஸ்டார்ட் ஆவலையே?"

"ஆயிடுச்சு சார்."

"சத்தமே காணோம்?"

"அதான் சார் இம்பீரா."

அவர் தலையாட்டினார். ஆனாலும் வண்டி நகரும் வரை அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்று அவருக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வேலை இருந்தது. பட்டுச் சேலை வியாபாரி உதயகுமாரின் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் பேச வேண்டும். உதயகுமார் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது, காந்தி ரோட்டில் கடையும் இருக்கிறது. அவர் தெருவில் கண்ணாயிரம் திரும்பியபோது தெரு நெடுகத் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தார்கள். மாம்பழ நிறத்தில் பட்டு நூல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. பாவைச் சுருட்டி முடிக்கிற வரைக்கும் வண்டி போக முடியாது. ஓரமாக நிறுத்தினார். பாவு பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிட்ட வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"டிரைவர், கொஞ்சம் வெய்ட் பண்ணணும்னு ஓனர்கிட்ட சொல்லிடுப்பா."

அவர் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. கண்ணாயிரத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். லியாவில் இதே தெருவுக்குக் கண்ணாயிரம் எத்தனையோ தடவை வந்திருக்கிறார், யாரும் அவரை டிரைவர் என்று நினைத்ததில்லை. விலை கூடின வண்டியில் வந்தால் ஆள் சின்னவனாகிவிடுவானா? கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். சட்டைக் காலர் கொஞ்சம் அழுக்குதான்.

உதயகுமார் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா கண்ணாயிரம், வண்டி மாத்திட்டியா?"

"இன்னும் இல்ல சார். ஓட்டிப் பாக்கறேன்."

"எடுத்துடு. நல்லா இருக்குது. இப்படி வண்டி வெச்சிருக்கிற ஆளு வேலையையும் சுத்தமா செய்வான். மேடை அலங்காரத்துக்கு மெட்ராஸ்லேருந்து ஆள் கூப்பிடலாம்னு இருந்தேன். அதையும் நீயே பண்ணிடு."

கண்ணாயிரத்துக்கு மனசு குளிர்ந்தது. காபி வந்தது. காபியைக் கையில் கொடுத்துக்கொண்டே உதயகுமார் சொன்னார்: "ஆனா ரேட்டை நல்லா கொறைச்சிக்கணும்பா. இந்த வண்டி வாங்கறவனுக்கு எங்கிட்ட வாங்கித்தான் ஆவணுமா இன்னா?"

வேலை கூடியிருக்கிறது, கூலி குறைந்திருக்கிறது. லாபமா நஷ்டமா என்று கண்ணாயிரத்தால் சட்டென்று சொல்ல முடியவில்லை. வெள்ளை கேட் தாண்டி ஊர் எல்லை வரும் வரைக்கும் யோசித்தார். பிடிபடவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மனைவி பொன்னியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாத்திர வாடகையெல்லாம் அவள் பொறுப்பு. வண்டியைச் சுற்றி வந்தாள். பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

அவள் 'நல்லாத்தான்' என்றதில் அந்தத் 'தான்' எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. சாப்பிடும்போது இரண்டு முறை கேட்டார். "நல்லாத்தான்னு சொன்னேன்ல" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். தொட்டுப் பார்க்க வந்த ஒரு சிலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். யாரும் கதவைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "அஜித்து பொண்டாட்டிக்கு விடியக்காலம் வலி வந்துடுச்சி. ஆட்டோல போட்டுக்கினு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கான்."

அஜித் கண்ணாயிரத்திடம் சீரியல் விளக்கு கட்டுகிறவன். அவன் வீடு இவருக்குப் பின்வீடு. மனைவி தீபிகாவுக்கு இது முதல் பிள்ளை. மாதாமாதம் அவளைச் செக்கப்புக்கு லியாவில் கூட்டிக்கொண்டு போனதே கண்ணாயிரம்தான். வலி எடுத்தால் எப்போது வேண்டுமானாலும் எழுப்பு என்று அஜித்திடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வாயைக் கொப்பளித்தார். சட்டையை மாட்டினார். பொன்னியம்மாளையும் ஏற்றிக்கொண்டு அந்த இம்பீராவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார். வேறு வண்டி ஏது?

அஜித் பிரசவ வார்டுக்கு வெளியே நின்றிருந்தான்.

"ஏன்டா, எனக்கு ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"வந்தேண்ணா. வாசல் வரைக்கும் வந்தேன். வண்டியப் பாத்தேன். சீட்டெல்லாம் வெள்ளையா இருக்குது. இவளுக்குப் பனிக்குடம் உடைஞ்சிடுச்சி. அதுல எப்படிண்ணா ஏத்தறது? கம்பெனி வண்டி வேற. ஏதாச்சும் ஆயிட்டா உங்களுக்குத்தானே தலைவலி?"

கண்ணாயிரத்தால் அவன்மேல் கோபப்பட முடியவில்லை, சரியாகத்தான் சொல்கிறான். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றார். எதிரே அந்தக் கறுப்பு வண்டி பளபளவென்று நின்றது. கேட்க வந்தவன் கேட்காமல் திரும்பிப் போகிற மாதிரி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேண்டாம். இன்றைக்கே திருப்பிவிட வேண்டியதுதான். அந்த முடிவுக்கு வந்ததும் நேற்றிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி வந்தது.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். பொன்னியம்மாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நெடுநேரம் கழித்து வந்தாள். பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டி ரயில்வே ரோடு தாண்டியதும் கண்ணாயிரம் தன் முடிவைச் சொன்னார். அஜித் சொன்னதையும் சொன்னார்.

"அவன் அப்படியா சொன்னான்?" என்றாள் பொன்னியம்மாள். "தீபிகா வேற மாதிரி சொல்றாளே."

"இன்னா சொல்றா?"

"அண்ணி வூட்டுல பெரிய வண்டி வந்திருக்குது, அதுலயே போலாம்னு அவதான் சொன்னாளாம். அவன்தான் வேணாம்னு ஆட்டோ கூப்பிட்டானாம்."

"சரி, லியா நின்னுக்கினு இருந்தா வந்திருப்பா இல்ல?"

அவர் கண்ணாடி வழியாகப் பொன்னியம்மாளைப் பார்த்தார்.

"லியாவா இருந்தா ஆட்டோதான் கேட்டிருப்பாளாம். அதுல குனிஞ்சி உள்ள பூர்றதுக்குள்ள உயிரு போயிடுதாம். மாசாமாசம் நீங்க இட்டுக்கினு போவீங்களே, வந்து ரெண்டு நாளைக்கு முதுகு புடிச்சிக்குமாம்."

"ஒரு தடவகூட சொல்லலையே அந்தப் பொண்ணு."

"எப்படிச் சொல்லுவா? நீங்க வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறீங்க. இதுல முதுகு வலிக்குதுன்னு சொல்ல வாய் வருமா?"

கண்ணாயிரம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அவருடைய வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். கால் முறிந்தவர், மூச்சு வாங்கினவர், ஆபரேஷன் முடிந்து தையலோடு வந்தவர். எல்லோரும் இறங்கும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் யாருக்கெல்லாம் வலித்தது?

"உனக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னா?"

"லியாவுல உக்காந்தா வலிக்குமா?"

அவள் யோசித்தாள். "வலிக்கும்னு நெனைச்சதில்லைங்க. இப்ப நீங்க கேட்டப்புறம், வலிச்ச மாதிரிதான் இருக்குது."

ஷோரூமில் கிரேஸ் இரண்டு பேருக்கும் ஜூஸ் கொண்டு வந்து வைத்தாள்.

"என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"மத்தவங்க இன்னாம்மா சொல்றாங்க?"

கிரேஸ் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கே தலை சுத்துது சார். தாமல்லேருந்து ஒருத்தர் வந்தாரு. இம்பீராவை ஓட்டிட்டு, இதுதான் வண்டின்னு சொன்னாரு. மறுநாள் வந்து இன்னொரு லியா புக் பண்ணிட்டுப் போயிட்டாரு. சின்ன காஞ்சிபுரத்துல ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், போன்லயே திட்டினாரு. இந்த வயசுல எனக்கெதுக்கு இவ்ளோ பெரிய வண்டின்னு. போன வாரம் தானா வந்து இம்பீரா எடுத்துக்கிட்டாரு. ஏன் சார்னு கேட்டா, கேட்காதம்மான்னு சொல்றாரு. மேனேஜர் என்கிட்ட காரணம் கேட்கிறாரு. நான் எங்க போவேன்?"

வேண்டாம் என்று சொல்லத்தான் கண்ணாயிரம் வாயைத் திறந்தார். "ரெண்டு நாள் டைம் குடும்மா" என்ற வார்த்தைதான் வந்தது. பொன்னியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

லியாவைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். ஏறி ஸ்டார்ட் செய்தார். இத்தனை வருஷமாகக் காதில் விழாத சத்தமெல்லாம் இப்போது விழுந்தது. டேஷ்போர்டில் ஏதோ கடகடவென்றது, பொன்னியம்மாள் பக்கத்துக் கதவு விசில் அடித்தது. முன்பே இருந்த சத்தமா, புதுசா?

"இது முன்னாடியே இருந்துச்சா?"

"எது?" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தீபிகாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று யாரும் கேட்காமலே கண்ணாயிரம் லியாவை எடுத்துக்கொண்டு போனார். முன்சீட்டை முடிந்த மட்டும் முன்னால் தள்ளினார். பின்னால் தலையணை ஒன்றும் மடித்த கம்பளி ஒன்றும் போட்டார். அஜித் முழங்கால் இடிக்க முன்னால் உட்கார்ந்தான். பொன்னியம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, தீபிகா குனிந்து மெதுவாக உள்ளே வந்தாள். கண்ணாயிரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது.

"வலிக்குதாம்மா?"

"இல்லண்ணா."

அடுத்த வேகத்தடை.

"இப்ப?"

"இல்லண்ணா. நல்லா இருக்குது."

"ராஜா மாதிரி போவுதுண்ணா" என்றான் அஜித், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

கண்ணாயிரத்துக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. பாலுசெட்டி சத்திரத்துக்கு முன்னால் ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"தீபிகா, நான் ஒண்ணும் நெனைச்சிக்க மாட்டேன். நெஜத்தைச் சொல்லு. வலிக்குதா இல்லையா?"

தீபிகா அஜித்தைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்பது போலக் கண்ணைக் காட்டினான். பொன்னியம்மாளைப் பார்த்தாள். அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"வலிக்குதுண்ணா" என்றாள் தீபிகா. சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தையல் இருக்குதில்ல. ரொம்ப வலிக்குது."

கண்ணாயிரத்துக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் எதுவோ இளகின மாதிரி இருந்தது. இந்த வண்டியில் ஏறின ஒருவர் அவரிடம் வாய்விட்டு வலி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. இறங்கிப் போய்க் கம்பளியை இன்னொரு மடிப்பு மடித்து அவள் சொன்ன இடத்தில் வைத்தார். "இங்கயா? இன்னும் கீழயா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தார்.

அப்போதுதான் கிரேஸின் போன் வந்தது.

"சார், டைம் கேட்டிருந்தீங்க. இம்பீரா..."

"வேணாம்மா."

"சரி சார். காரணம் என்னன்னு சொல்ல முடியுமா?"

அவர் வண்டிக்குள் பார்த்தார். "இங்க ஒரு பொண்ணு லியாவுல உக்காந்தா வலிக்குதுன்னு சொல்லுது."

"சார், அப்படின்னா இம்பீராதானே சார் எடுக்கணும்?"

"ஆமாம்மா. அதான் எனக்கும் புரியல."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். முதல் கியரிலேயே வண்டியை நகர்த்தினார். பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் ஒதுங்கி வழிவிட்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "வருதும்மா" என்று குரல் கொடுத்தார். தீபிகா பொன்னியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற இடத்தில் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.